நான் வாசிக்காத பதினாறு பக்கங்கள்

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தால் இல்லை, எரிச்சலால். வல்லக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகக் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று சம்பளம் கொடுத்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்குப் போவதுகூட என் மனைவி சுமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளே என்றுதான். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே கொட்டாவி விட்டிருப்பேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நட்டநடு ராத்திரிக் கதை இல்லை. எல்லாம் காலை எட்டு, எட்டரை மணி வெயிலில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'டீ பிரேக் வாசகர்கள்' என்று பெயர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும் இருக்கிற கம்பெனிகளில் வேலை பார்க்கிற நாற்பது பேர், கம்பெனி பஸ்ஸிலும் கேண்டீன் வரிசையிலும் புத்தகம் படிக்கிறவர்கள். சேரப்பணஞ்சேரிக் கலைவாணி ஆரம்பித்தது. அவள் ஒரு கிடங்கில் டிஸ்பேட்ச் பார்க்கிறாள். குழுவில் ஒரே ஒரு சட்டம். தினமும் காலையில் அவரவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று எண்ணைப் போட வேண்டும். புத்தகப் பெயர்கூட வேண்டாம், எண் போதும். நாற்பத்திரண்டு, நூற்றுப் பத்து, முன்னூற்றெட்டு என்று விடிந்ததும் வரிசையாக வந்து விழும். இரண்டு நாள் ஒரே எண்ணைப் போட்டால் கேலி செய்வோம். மூன்றாவது நாளும் நகரவில்லை என்றால் கலைவாணி போன் செய்துவிடுவாள்.

மற்றபடி எல்லாக் குழுவும் போலத்தான். பிடிஎப்பில் படிப்பது படிப்பா என்று ஒரு சண்டை, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துப் போட்டோ போடுகிறவர்கள், அறுநூறு பக்கத்தை ஒரே ராத்திரியில் முடித்தேன் என்று சொல்லுகிறவர்கள். அப்படிச் சொல்லுகிறவர்களை நான் விடமாட்டேன். நாலு கேள்வி கேட்டு மானத்தை வாங்கிவிடுவேன். 'குமரவேல் அண்ணன் வர்றாரு, உஷாரு' என்று எழுதுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

தவமணி ராமநாதபுரம் பக்கத்து ஆள். முப்பது வயது இருக்கும். மனைவி பாண்டியம்மாளை ஊரில் விட்டுவிட்டு, படப்பையில் இரண்டு ஒடிசாக்காரர்களோடு ஒரு அறையில் தங்கி, ஒரு சின்னக் கம்பெனியில் உலோகப் பாகங்களைக் கழுவுகிற பிரிவில் வேலை பார்த்தான். மெதுவாகப் படிப்பான். ஒரு நாளைக்கு நாலு பக்கம், ஐந்து பக்கம். ஆனால் ஒரு நாளும் எண் நகராமல் இருந்ததில்லை.

ஒருநாள் அவன் எண் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கலைவாணி போன் செய்தபோது எடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ். பாகங்களைக் கழுவுகிற, காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் போகிற குழாய் மூட்டு விட்டுப்போய் முகத்தில் அடித்துவிட்டது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணை நாற்பது நாள் கட்டி வைத்துப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவன் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

"எனக்குத் தொண்ணூத்தாறு. இனிமே ஏறாது போல இருக்குங்க. நீங்கள்லாம் போடுங்க. யாராச்சும் வாசிச்சுக் காட்டுனா கேட்டுக்கிருவேன்."

கை கூப்புகிற படமும் அழுகிற முகமுமாகக் குழு நிறைந்தது. வாசிக்கிறேன் என்று ஒருவரும் முன்வரவில்லை. அறையில் கூட இருந்தவர்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அப்போது எனக்கு நைட் ஷிப்ட். காலையில் ஏழரைக்கு வீட்டுக்கு வந்தால் ஒன்பது வரை தூக்கம் வராது. நான் வாசித்து அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டேன். உடனே என்னைப் புகழ்ந்து முப்பது மெசேஜ். உண்மையைச் சொல்கிறேன், அந்த முப்பது மெசேஜுக்காகத்தான் எழுதினேன்.

அவன் படித்துக்கொண்டிருந்தது கலைவாணி இரவல் கொடுத்த ஒரு பழைய நாவல். நானூற்றைம்பது பக்கத்துக்கு மேல். பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்புகிற ஒரு அண்ணனும் தங்கையும். ஒரு சந்தைக் கூட்டத்தில் தங்கை தொலைந்துபோகிறாள், அண்ணன் வருஷக்கணக்கில் தேடுகிறான். அதே பதிப்பு தாம்பரத்தில் பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. தினமும் மாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் பேசிப் பதிவு செய்து அவனுக்கு அனுப்புவேன். முடிக்கும்போது, "இன்னிக்கு இவ்ளோதான் தவமணி" என்று சொல்லுவேன். விட்ட இடத்தில் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் அட்டையைச் செருகி வைப்பேன். கம்பெனியில் நல்ல பாகத்துக்குப் பச்சை அட்டை கட்டுவோம், கழிவுக்குச் சிவப்பு, இன்னும் முடிவு தெரியாததற்கு மஞ்சள். என் பையில் எப்போதும் நாலு மஞ்சள் அட்டை கிடக்கும்.

ஐந்து நாள் ஒழுங்காக வாசித்தேன். ஆறாவது நாள் குளத்தைப் பற்றி மூன்று பக்கம் வந்தது. தண்ணீரின் நிறம், பாசி, படிக்கட்டு. எனக்குக் கண் எரிந்தது. சுமதி கீழிருந்து, "தோசை ஆறிகினே கீது, வர்றீங்களா இல்லியா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பக்கத்தையும் விட்டுவிட்டு அடுத்த சம்பவத்துக்குப் போய்விட்டேன். அவன் கண்டுபிடிக்கவில்லை. 'நல்லா இருந்துச்சுண்ணே' என்று பதில் அனுப்பினான்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு பெட்டியில் ஐம்பது பாகம் வந்தால் ஐம்பதையும் அளக்க மாட்டோம். ஐந்தை எடுத்து அளப்போம், ஐந்தும் சரியாக இருந்தால் பெட்டிக்கே பச்சை அட்டை. நாவலையும் நான் அப்படித்தான் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தில் முதல் பத்தி, கடைசிப் பத்தி, நடுவில் யாராவது பேசினால் அது. கதை ஓடிவிடும். காலையில் குழுவில் எண் போடும்போது தவமணிக்கும் சேர்த்து நானே போடுவேன். நூற்று நாற்பது, நூற்று எண்பது, இருநூற்று இருபது. கண் தெரிந்தபோது அவன் போகாத வேகம். எல்லோரும் கை தட்டினார்கள். அறுநூறு பக்கம் முடித்தேன் என்று சொன்னவர்களைக் கேள்வி கேட்டவன் நான், கண் கட்டியிருக்கிற ஒருத்தனை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரியவா போகிறது என்பதுதான் என் தைரியம். இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்தக் குழாய் மூட்டையும் யாரோ ஐம்பதில் ஐந்து பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

பத்தாம் நாள் வாக்கில் ஒரு கட்டம் வந்தது. அண்ணன் பாழடைந்த ஒரு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிறான், சுவர் இடுக்கில் கையை விடுகிறான், தங்கையின் சிவப்பு வளையல் கிடைக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வளையல் எங்கிருந்து வந்தது? தங்கை எப்போது காளவாய்க்குப் போனாள்? அன்றைக்கே குழுவில் நீளமாக எழுதினேன். எழுதினவர் கோட்டை விட்டுவிட்டார், இவ்வளவு பெரிய நாவலில் இவ்வளவு பெரிய ஓட்டை, இதை எப்படி இத்தனை பேர் கொண்டாடினார்கள் என்று.

ஐந்து நிமிஷத்தில் தவமணியின் குரல் வந்தது.

"என்னண்ணே இப்பிடிச் சொல்றீக. காளவாய்க்காரன் பொண்டாட்டி நகையெல்லாம் பிடுங்குறப்ப, ஒத்த வளையலை மட்டும் தாவணிக் கிழிசல்ல சுத்தி, கீழருந்து மூணாவது கல்லுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிறாள்ல. நீங்கதான வாசிச்சீக. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

அதற்குக் கீழே கலைவாணி எழுதினாள்: "ஆமாண்ணா, அந்த சீன் கீது. நான் அழுதுட்டேன்."

மாடிக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். நான் விட்ட பக்கங்களில் இருக்கும், அவசரத்தில் ஒரு வரி வாசித்திருப்பேன் என்று நினைத்தேன். இருநூற்றெட்டாம் பக்கம். அடுத்து இருநூற்று இருபத்தைந்து. நடுவில் பதினாறு பக்கம் கிடையாது. கிழியவில்லை. பைண்டிங்கைப் பிரித்துப் பார்த்தேன், தைத்த நூல் அப்படியே இருந்தது. அந்தப் பதினாறு பக்கத்தைச் சேர்க்காமலே தைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷக் குவாலிட்டிக்காரனுக்கு அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் நான் தாவிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் நான் எதை வாசித்தேன்?

என் போனில் அந்த நாளின் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். பதினேழு நிமிஷம். காக்கா கத்துகிறது, தெருவில் தண்ணீர் லாரி போகிறது, சுமதி கூப்பிடுகிறாள். அண்ணன் ஒரு சத்திரத்தில் படுக்கிறான், அடுத்த வரியில் வேறொரு ஊரில் விழிக்கிறான். நான் வேகவேகமாக வாசித்துவிட்டு, இன்னிக்கு இவ்ளோதான் தவமணி என்கிறேன். காளவாயும் இல்லை, வளையலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கலைவாணி அவனைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்று ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பையில் இறங்கினேன். புது மனைப்பிரிவில் கடைசி வீடு, மாடியில் ஒற்றை அறை. கூட இருந்த இரண்டு பேரும் ஓவர்டைமுக்குப் போயிருந்தார்கள். தவமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டிலும் கட்டு. போனை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான். தலையணைக்குப் பக்கத்தில் கலைவாணியின் புத்தகம்.

நான் பேசுவதற்கு முன்னாலேயே, "அண்ணன் வந்துருக்கீகளா" என்றான். செருப்பு விடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம்.

"எப்படி கீது தவமணி?"

"இருக்கேண்ணே. காலையில நீங்க வாசிக்கிற வரைக்கும் கஷ்டமா இருக்கும். அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு ஓட்டிருவேன்."

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனுக்குத் தெரியாதுதான், இருந்தாலும் பார்க்க முடியவில்லை. கலைவாணியின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் காளவாய் இருந்தது. தாவணிக் கிழிசல் இருந்தது. கீழிருந்து மூன்றாவது கல் என்று அச்சில் இருந்தது.

"தவமணி, அந்த வளையல் வர்ற பதிவைக் கொஞ்சம் போடேன். கலைவாணியும் கேக்கட்டும்" என்றேன்.

அவன் பையிலிருந்து போனை எடுத்து விரலால் தடவித் தடவி எங்கேயோ அழுத்தினான். அது பேச ஆரம்பித்தது. அதே நாள், அதே பதிவு. காக்கா, லாரி, சுமதி. நான் வேகமாக வாசிக்கிறேன். அண்ணன் சத்திரத்தில் படுக்கிறான். அதோடு பின்னால் இருந்த சத்தமெல்லாம் நின்றுவிட்டது. காக்கா இல்லை, தெரு இல்லை, காற்றுகூட இல்லை. ஒரு தாள் புரளுகிற சத்தம். பிறகு என் குரல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, காளவாய்க்குப் போகிற பாதையை வாசிக்க ஆரம்பித்தது.

நான் கையில் கலைவாணியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை. எனக்கு 'ழ' சரியாக வராது, சுமதி கிண்டல் செய்வாள். அந்தக் குரலுக்கும் வரவில்லை. நான் மூச்சு விடுகிற இடத்தில் அது மூச்சு விட்டது. பதினாறு பக்கத்தையும் வாசித்து முடித்தது. நான் சொல்லுகிற வார்த்தையைக் கடைசியில் அது சொல்லவில்லை. அதற்குப் பதில், "ஒரு பக்கமும் வுடல தவமணி" என்றது.

ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடிக்கிறது, கீழே யாரோ துணி துவைக்கிறார்கள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே கூப்பிட்டு, இது நான் வாசித்தது இல்லை, என் புத்தகத்தில் இந்தப் பக்கமே கிடையாது என்று சொன்னேன்.

"இன்னாண்ணா சொல்றீங்க? உங்க வாய்ஸ்தானே இது. நீங்கதான் படிச்சிகினு கீறீங்க."

"நான் இல்லம்மா."

"நைட் ஷிப்ட் பாத்துப் பாத்து இன்னா பண்றோம்னே தெரியல உங்களுக்கு. ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்குங்க" என்றாள்.

ஆக, எனக்குச் சாட்சியும் இருக்கிறது, அது எனக்கே எதிரான சாட்சி. நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் வாசித்திருப்பேன், மறந்திருப்பேன். சரி, ஆனால் எந்தப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன்? அந்தப் பதிவை எனக்கு அனுப்பு என்று தவமணியிடம் கேட்டு வாங்கினேன். அவன் போனில் நாற்பத்தொரு நிமிஷம் ஓடியது, என் போனுக்கு வந்து சேர்ந்தது பதினேழு நிமிஷம்தான்.

கிளம்பும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீக. மொதல்ல கொஞ்ச நேரம் வேகமா வாசிக்கிறீக. யாரோ வெரட்டுற மாதிரி இருக்கும். அப்புறம் நிதானமாயிடுறீக. அந்த நிதானம்தாண்ணே எனக்குப் பிடிக்குது. பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் உன்னை ஏமாற்றினேன், பக்கம் பக்கமாக விட்டேன் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவனுக்கு அந்த நாற்பது நாளில் இருந்த ஒரே பிடிமானமும் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குக் கேவலமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

கலைவாணியின் புத்தகத்தை வாங்கி வந்து, மறுநாளிலிருந்து அதை வைத்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். விட்டால் யார் வந்து வாசிப்பார்கள் என்ற பயம்தான் காரணம். மாடியில் உட்கார்ந்து வாசிக்கும்போது பின்னால் யாரோ பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி கழுத்து கூசும். திரும்பினால் தண்ணீர் டேங்க்தான் இருக்கும். பதிவு முடிந்ததும் அனுப்பாமல் முழுசாகக் கேட்டுவிட்டு அனுப்புவேன். தவமணியைப் போனில் கூப்பிட்டு எத்தனை நிமிஷம் ஓடியது என்று கேட்பேன். இரண்டிலும் ஒரே நேரம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் அவனே சொன்னான்.

"இப்பல்லாம் அந்த நிதானம் கொறைஞ்சு போச்சுண்ணே. வேலை ஜாஸ்தியோ?"

நாவல் முடிந்தது. கடைசியில் அண்ணன் தங்கையைக் கண்டுபிடிக்கிறான், அவளுக்கு அவன் முகம் அடையாளம் தெரியவில்லை, பேசிய பிறகுதான் தெரிகிறது. அடுத்த வாரம் கட்டைப் பிரித்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லுவான், ஜன்னலில் நிற்பது யார் என்று தெரியாது. பாண்டியம்மாள் வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஏற்றிவிட நானும் கலைவாணியும் தாம்பரம் போயிருந்தோம்.

"அடுத்த புஸ்தகமும் நீங்கதாண்ணே வாசிக்கணும்" என்றான்.

"கண்டிப்பா தவமணி. டெய்லி அனுப்புறேன்" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

புதிதாக எழுநூற்றைம்பது பக்கத் தடி நாவல் ஒன்று வாங்கினேன். முதல் நாள் பன்னிரண்டு பக்கம் வாசித்து அனுப்பிவிட்டு மஞ்சள் அட்டையைச் செருகி அலமாரியில் வைத்தேன். அடுத்த நாள் என்னை ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஏழுக்கே பஸ். சாயங்காலம் ஓவர்டைம். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, அடுத்த மாதம் என்று போய்விட்டது. தவமணி ஒரு தடவையும் கேட்கவில்லை. குழுவில் தன் எண்ணையும் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, கலைவாணிகூட. ஊரில் ஏதாவது வழி பண்ணிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது பாண்டியம்மாள் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். வந்த புதுசுல இவரு கெணத்துப் பக்கமே போய் உக்காந்துக்கிருவாரு. எனக்குப் பயமா இருக்கும். நீங்க தெனமும் வாசிச்சு அனுப்புறதாலதான் மனுசனா இருக்காரு. எட்டரை மணி ஆனா போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்துருவாரு. புஸ்தகம் பாதிக்கு மேல வந்துருச்சாம்ல?"

ஆமாம் என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எனக்கும் தவமணிக்குமான செய்திகளைத் திறந்து பார்த்தேன். நான் கடைசியாக அனுப்பியது மூன்று மாதத்துக்கு முன்னால், அந்தப் பன்னிரண்டு பக்கம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்தேன். மூன்று மாதம் தொடாத புத்தகத்தின் மேல் தூசி இல்லை. மஞ்சள் அட்டை நானூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

சுமதியைக் கேட்டேன். "உங்க புக்கை நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்? நீங்கதான் படிக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்றாள். எட்டரை மணிக்கு நான் கம்பெனியில் இருக்கிறேன். கைரேகை வைத்து உள்ளே போனதற்குக் கணக்கு இருக்கிறது. அவளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க நான் முயற்சி செய்யவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு மாடிக்குப் போய், அட்டை இருந்த இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். அவனுக்கு நான் கொடுத்த வாக்கை வேறெதுவோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தாங்கவில்லை. இனி நானே செய்கிறேன் என்று நினைத்தேன். நிதானமாக வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. வராத 'ழ'வையும் முயற்சி செய்தேன். முப்பத்தெட்டு நிமிஷம். கடைசியில், "ஒரு பக்கமும் வுடல தவமணி" என்று நானே சொன்னேன். அனுப்பினேன்.

முப்பத்தெட்டு நிமிஷம் கழிந்து இன்னும் கொஞ்ச நேரமும் கழிந்தது. அவன் பதில் வந்தது. நாலு விநாடி.

"அண்ணே, இன்னைக்கு நீங்களா வாசிச்சீக?"

குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டான். நான் அதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை, அதற்குப் பிறகு வாசிக்கவும் இல்லை. மஞ்சள் அட்டை மட்டும் தினமும் நாலு பக்கம், ஐந்து பக்கம் என்று நகர்ந்துகொண்டிருக்கிறது.